வீட்டு வண்டியில் ஒரு கடற்கரைப் பயணம்

ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கு மூலையில் விக்டோரியா மாநிலம் இருக்கிறது. அதன் தென் கரையை ஒட்டி, டார்க்கே என்னும் ஊரிலிருந்து ஆலன்ஸ்ஃபோர்டு வரை 243 கி.மீ. நீளத்திற்கு ஒரு சாலை செல்கிறது. பெருங்கடல் சாலை என்பது அதன் பெயர். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய சுமார் 3000 படைவீரர்கள், 1919 முதல் 1932 வரை, கடப்பாரையும் மண்வெட்டியும் வெடிமருந்தும் கொண்டு மலைச்சரிவைக் குடைந்து அமைத்த சாலை இது. போரில் மாண்ட தோழர்களுக்கு அவர்கள் எழுப்பிய நினைவுச் சின்னமும் இதுவே.

நிற்காமல் ஓட்டினால் ஐந்து மணி நேரத்தில் இதைக் கடந்துவிடலாம். ஆனால் அப்படிக் கடப்பதில் என்ன பயன்? ஐந்தாறு நாட்கள் எடுத்துக்கொண்டு, படுக்கை, அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அமைந்த வேனில் போவதே இங்கே வழக்கமாகிவிட்டது. கேம்பர்வேன் என்கிறார்கள், நாம் வீட்டு வண்டி என்போம். மெல்போர்ன் நகரில் இது வாடகைக்குக் கிடைக்கிறது. மகனையோ மகளையோ பார்க்க அந்நகருக்குச் செல்லும் நம்மவர்கள் இப்போது பலர். நீங்களும் ஒரு நாள் அப்படிப் போகக்கூடும்.

"மெதுவாகத்தானே போகிறோம், திட்டம் எதற்கு?" என்று உங்களுக்குத் தோன்றலாம். உண்மை இதற்கு நேர்மாறானது. வேகமாகப் போகிறவனுக்கு வண்டியின் எஞ்சினே பல வேலைகளைச் செய்து கொடுத்துவிடுகிறது. மெதுவாகப் போகிறவன் கணக்குப் போட்டாக வேண்டும். எப்படி என்று பார்ப்போம்.

வீட்டு வண்டியில் இரண்டு பாட்டரிகள் உண்டு. ஒன்று எஞ்சினைக் கிளப்புவதற்கு. மற்றொன்று வீட்டு வேலைகளுக்கு. இந்த இரண்டாவது பாட்டரி 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி கொண்டது என்று வைத்துக்கொள்வோம். அதாவது, 5 ஆம்பியர் மின்னோட்டத்தை 20 மணி நேரம் தரக்கூடியது. ஆனால் ஈய வகைப் பாட்டரியைப் பாதிக்குக் கீழே வடிய விட்டால் அதன் ஆயுள் குறையும். ஆகவே நம் கைக்கு எட்டும் சேமிப்பு 50 ஆம்பியர்-மணிதான்.

செலவைப் பாருங்கள். குளிர்பதனப் பெட்டி ஓடும்போது சுமார் 4 ஆம்பியர் இழுக்கும். அது இடைவிடாமல் ஓடுவதில்லை; நாளில் மூன்றில் ஒரு பங்கு நேரம் ஓடுவதாகக் கொண்டால் 4 x 8 = 32. விளக்கு, தண்ணீர் பம்பு, கைபேசி இவற்றுக்கு 8 சேர்த்தால் நாளொன்றுக்கு 40 ஆம்பியர்-மணி.

வரவு என்ன? எஞ்சின் ஓடும்போது அதனோடு இணைந்த மின்னாக்கி, மணிக்கு ஏறத்தாழ 20 ஆம்பியர்-மணி வீதம் பாட்டரியை நிரப்புகிறது என்று கொள்வோம். ஐந்து மணி நேரம் ஓட்டுபவருக்குக் கவலையே இல்லை. ஆனால் டார்க்கேயிலிருந்து லார்ன் என்னும் ஊர் 46 கி.மீ.தான், ஒரு மணி நேர ஓட்டம். வரவு 20, செலவு 40! தினமும் இப்படியே போனால் மூன்றாம் நாள் சேமிப்பு தீர்ந்து, பெட்டியிலுள்ள பால் திரிந்துவிடும். இரண்டாம் நாள் லார்னிலேயே தங்கிவிட்டால் இரண்டாம் நாளே தீர்ந்துவிடும்.

இதற்கு வழி, இரண்டு இரவுகளுக்கு ஒரு முறை மின் இணைப்புள்ள முகாமில் தங்குவது. லார்ன், அப்போலோ பே, போர்ட் கேம்பெல் ஆகிய ஊர்களில் அவை இருக்கின்றன. சாலையோரத்தில் வண்டியை நிறுத்தி உறங்குவதற்கு இக்கரையில் பொதுவாக அனுமதி இல்லை என்பதால், முகாம் இடத்தை எப்படியும் முன்பதிவு செய்தாக வேண்டும். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் அங்கே பள்ளி விடுமுறை. முன்பதிவின்றிப் போனால் இடம் கிடைப்பது அரிது.

கூரையில் சூரியத் தகடு உள்ள வண்டி என்றால்? நல்லதுதான். ஆனால் நாம் இருப்பது தென் அட்சம் சுமார் 38 1/2 பாகையில் என்பதை மறக்கக் கூடாது. அங்கே நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் வடக்கு வானில்தான் நிற்கும். டிசம்பர் இறுதியில் அடிவானத்துக்கு மேல் 75 பாகை உயரம் ஏறுகிற சூரியன், ஜூன் இறுதியில் 28 பாகைக்கு மேல் ஏறுவதில்லை. (சென்னையில் மிகத் தாழ்ந்த நண்பகல் சூரியன்கூட 53 பாகைக்கு மேல் நிற்கும்.) கூரையில் படுத்த வாக்கில் கிடக்கும் தகட்டின் மேல் அவ்வளவு சாய்வாக விழும் ஒளி, நேராக விழுவதில் பாதி பயன்கூடத் தராது. கோடையிலும் ஒரு சிக்கல் உண்டு: வெயிலுக்குப் பயந்து மர நிழலில் நிறுத்தினால் வண்டி குளிரும், மின்சாரம் நின்றுவிடும். நிழலா, பாலா என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

தண்ணீர்க் கணக்கு எளிது. தொட்டி 50 லிட்டர் என்றால் இருவருக்குச் சிக்கனமாக மூன்று நாள். 50 லிட்டர் என்பது 50 கிலோ எடையும்கூட. இத்தகைய கனமான பொருள்களைத் தாழ்வாகவும், முன் பின் சக்கரங்களுக்கு இடையிலும் வைத்தால் வண்டியின் ஈர்ப்பு மையம் கீழே இருக்கும். உயரமான வண்டிக்கு இது முக்கியம். ஏனெனில் லார்னுக்கும் அப்போலோ பேக்கும் இடைப்பட்ட 45 கி.மீ. சாலை பாம்பைப்போல் நெளிகிறது. வளைவில் வண்டியைத் திருப்பத் தேவைப்படும் விசை, வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப உயரும். 40 கி.மீ. வேகத்தில் திரும்பிய வளைவை 60 கி.மீ. வேகத்தில் திரும்பினால் விசை ஒன்றரை மடங்கல்ல, இரண்டேகால் மடங்காகிறது. பின்னால் வருபவர் பொறுமை இழந்தால், ஒதுங்கும் இடம் பார்த்து ஒதுங்கி அவருக்கு வழி விடுங்கள். நமக்கு அவசரம் இல்லையே!

எந்தத் திசையில் போவது என்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவிலும் நம் நாட்டைப்போல் இடப்பக்கமாகவே ஓட்டுகிறார்கள். கிழக்கிலிருந்து மேற்கே போனால் தெற்கிலுள்ள கடல் உங்கள் இடப்பக்கம் வரும். காட்சி மேடைகளில் நிறுத்த எதிர்வரும் வண்டிகளைக் குறுக்கிட வேண்டியதில்லை. ஆகவே டார்க்கேயில் தொடங்குவதே சிறந்தது. அந்தியிலும் விடியலிலும் கங்காருகள் சாலையில் குதித்துவிடும். பொழுது சாய்வதற்குள் முகாம் சேர்ந்துவிடுங்கள்.

இனி, நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்பும் செய்திக்கு வருகிறேன். கடற்கரை இரவு குளிரும். உறங்கும் இருவரின் மூச்சிலிருந்து வெளியேறும் நீராவி, குளிர்ந்த கண்ணாடியில் பட்டுத் துளியாகி வழியும். காற்றோ சில்லென்று வீசும். அப்போது சன்னல்களையும் காற்றுத் துளைகளையும் அடைத்துவிட்டு, வாயு அடுப்பைச் சிறிது நேரம் எரிய விட்டால் என்ன என்ற எண்ணம் எவருக்கும் வரும். இந்த எண்ணம் உயிரைக் குடிக்கும். மூடிய அறையில் ஆக்சிஜன் குறையக் குறைய, எரிவாயு முழுமையாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுடன் அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பற்றுடன் ஒட்டிக்கொள்கிறது. தலைவலியும் அயர்ச்சியும்தான் முன்னறிகுறி. உறங்குபவர் அதையும் உணரமாட்டார். எனவே அடுப்பு சமையலுக்கு மட்டுமே. சமைக்கும்போது சன்னல் திறந்திருக்கட்டும். இரவில் ஓர் அங்குலமாவது காற்று வழி வேண்டும். கண்ணாடி வியர்ப்பதும் அதனால் குறையும். வண்டியை எடுக்கும்போதே, கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இருக்கிறதா, ஒலிக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள். தரையோரம் சிறு துளைகள் இருக்கும். அவற்றைப் பூச்சி வருமென்று அடைத்துவிடாதீர்கள். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் அது தரையில் தேங்கி, அத்துளைகள் வழியேதான் வெளியேற முடியும்.

நெருப்பு வெளியிலிருந்தும் வரலாம். 1983 பிப்ரவரி 16 அன்று மூண்ட காட்டுத்தீ இக்கரையிலுள்ள ஏரீஸ் இன்லெட், ஆங்கிள்சீ போன்ற ஊர்களைச் சூழ்ந்தது. 2015 கிறிஸ்துமஸ் நாளில் வை ரிவர், செபரேஷன் கிரீக் என்னும் இரு சிற்றூர்களில் 116 வீடுகள் எரிந்தன. மக்களை முன்னரே வெளியேற்றியதால் உயிரிழப்பு இல்லை. ஒரு பக்கம் காடு, ஒரு பக்கம் கடல், நடுவே ஒரே சாலை என்ற அமைப்பை நினைவில் வையுங்கள். கோடையில் தினமும் காலையில் தீ அபாய அறிவிப்பைப் பாருங்கள். அபாயம் மிகுந்த நாளில் காட்டோர முகாமுக்குப் போகாதீர்கள். முன்பதிவுப் பணம் போனால் போகட்டும். எரிபொருள் தொட்டி எப்போதும் பாதிக்கு மேல் இருக்கட்டும்.

அப்போலோ பேயைக் கடந்ததும் சாலை கடலை விட்டு விலகி ஆட்வே மழைக்காட்டினுள் நுழைகிறது. மீண்டும் கடலைக் காணும்போது கரையே மாறியிருக்கும். கோடியாண்டுக்கு மேல் பழமையான, மென்மையான சுண்ணாம்புக்கல் பாறை செங்குத்தாக நிற்கும். அலைகள் அதன் பலவீனமான இடங்களைக் குடைந்து குகையாக்குகின்றன. குகை துளைபட்டு வளைவாகிறது. வளைவின் கூரை விழுந்தால் தனித் தூண் மிஞ்சுகிறது. பன்னிரு சீடர்கள் எனப்படும் புகழ்பெற்ற தூண்கள் இப்படிப் பிறந்தவையே. பெயர்தான் பன்னிரண்டு, இருந்தவை ஒன்பது. 2005 ஜூலையில் ஒன்று சரிந்து எட்டாயின. 1990 ஜனவரி 15 அன்று லண்டன் பாலம் என்ற இரட்டை வளைவின் கரையோரப் பகுதி இடிந்தது. அப்பால் சென்றிருந்த இருவர் கடல் நடுவே தனிப் பாறையில் சிக்கி, ஹெலிகாப்டர் மூலம் மீட்கப்பட்டனர். வேலிக்கு அப்பால் நிற்கக் கூடாது என்ற பலகையை ஏன் மதிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையா? மணலில் இறங்குவதானால் ஓத அட்டவணை பார்த்து நீர் வற்றும் நேரத்தில் இறங்குங்கள். அந்நேரம் நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். வானம் தெளிவாக இருந்தாலும், தொலைதூரப் புயல் எழுப்பிய நெடிய அலை திடீரென ஏறி வரலாம். கடலுக்கு முதுகைக் காட்டி நிற்காதீர்கள்.

திரும்புவதற்கு உள்நாட்டு நெடுஞ்சாலையில் கோலாக், ஜீலாங் வழியாக மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். அந்த நீண்ட ஓட்டத்தில் பாட்டரி நிறைந்துவிடும். அப்போது குளிர்பதனப் பெட்டியில் வைக்க ஒன்றும் மிஞ்சியிருக்காது. கழிவுநீர்த் தொட்டியை மட்டும் அதற்கென உள்ள இடத்தில் முந்திய நாளே காலி செய்துவிடுங்கள். மெல்போர்ன் நகருக்குள் அந்த இடத்தைத் தேடி அலைவதைவிட முகாமிலேயே முடிப்பது எளிது.