கடன் அட்டைக்குக் கட்டணம் கட்டுபவர் யார்?

கடையில் ஆயிரம் ரூபாய்க்குச் சாமான் வாங்கிவிட்டுக் கடன் அட்டையை நீட்டுகிறீர்கள். உங்கள் கணக்கில் ஆயிரம் ரூபாய் பற்று எழுதப்படுகிறது. ஆனால் கடைக்காரருக்கு அது முழுவதும் போய்ச் சேருவதில்லை. ஒரு பகுதி வழியிலேயே பிடித்துக்கொள்ளப்படுகிறது.

இவ்வழக்கம் பழையது. 1950-இல் நியூயார்க்கில் தோன்றிய டைனர்ஸ் கிளப், தன் அட்டையை ஏற்ற உணவு விடுதிகளிடம் பில் தொகையில் 7 விழுக்காடு பெற்றது.

பணம் பிரியும் விதம்

கட்டணம் 2 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரருக்கு 980 ரூபாய் கிடைக்கும். மீதி 20 ரூபாய் மூன்று பங்காகிறது. ஒரு பங்கு, கடையில் அட்டைக் கருவியை வைத்த வங்கிக்கு. மற்றொன்று, விசா, மாஸ்டர்கார்டு போன்ற இணைப்பு நிறுவனத்துக்கு. பெரும் பங்கோ உங்களுக்கு அட்டை வழங்கிய வங்கிக்கு. அது கடைக்கு விரைவில் பணம் தந்துவிட்டு, உங்களிடம் வாரக்கணக்கில் கழித்தே வசூலிக்கிறது. வாராக் கடனும் அதன் பொறுப்பு. உங்களுக்குக் கிடைக்கும் பரிசுப் புள்ளிகளுக்கும் இப்பங்கே உதவுகிறது.

20 ரூபாய் அற்பமா? ஆயிரத்துக்கு 50 ரூபாய் லாபம் காணும் மளிகைக் கடைக்கு, லாபத்தில் ஐந்தில் இரண்டு பங்கு போய்விடுகிறது!

போட்டியின் விந்தை

போட்டி வந்தால் விலை இறங்கும் அல்லவா? இங்கு நேர்மாறு. தங்களுக்கு மிகுந்த பங்கு கிடைக்கும் அட்டையையே வங்கிகள் வழங்க விரும்பும். எனவே வங்கிகளை ஈர்க்க, இணைப்பு நிறுவனங்கள் அப்பங்கை உயர்த்தும். அட்டையைத் தேர்ந்தெடுப்பவர் நீங்கள். கட்டணம் கட்டுபவர் கடைக்காரர். மறுத்தால் வாடிக்கை போய்விடும். ஆகவே அவர் கட்டணத்தைப் பொருளின் விலையிலேயே ஏற்றுகிறார். அவ்விலை எல்லோருக்கும் ஒன்றுதான். அட்டையே இல்லாமல் ரொக்கம் எண்ணிக் கொடுப்பவரும், பிறருடைய பரிசுப் புள்ளிகளுக்குப் பங்கு செலுத்துகிறார்!

இதனால் அரசுகள் தலையிட்டன. 2015-இல் ஐரோப்பிய ஒன்றியம், தனிநபர் அட்டைகளில் அட்டை வழங்கும் வங்கியின் பங்குக்கு உச்சவரம்பு விதித்தது: கடன் அட்டைக்கு 0.3, டெபிட் அட்டைக்கு 0.2 விழுக்காடு. இந்தியாவில் 2020 ஜனவரி 1 முதல் ரூபே டெபிட் அட்டைக்கும் யு.பி.ஐ. முறைக்கும் வணிகர் கட்டணம் நீக்கப்பட்டது. கடன் அட்டைகளுக்குப் பொதுவாக இச்சலுகை இல்லை.

கட்டணம் நீங்கினாலும் கணிப்பொறிகளும் ஊழியர்களும் வேண்டுமே! அச்செலவை வங்கிகளும், ஊக்கத்தொகை தரும் அரசும் சுமக்கின்றன. அரசின் பணம் நம் வரிப்பணம். இனி ‘இலவசம்’ என்ற சொல்லைக் கண்டால், செலவு யார் தலையில் விழுகிறது என்று கேட்டுப் பாருங்கள்.