ஏறி ஓட்டும் புல்வெட்டி வண்டி: பழுதும் பராமரிப்பும்

புல் வெட்டும் வண்டிக்கும் நெசவுத் தொழிலுக்கும் என்ன சம்பந்தம் என்று நம் நெசவாள அங்கத்தினர்கள் கேட்கக்கூடும். சம்பந்தம் பிறப்பிலேயே உண்டு. இங்கிலாந்தில் ஸ்ட்ரவுட் என்னும் ஊரைச் சூழ்ந்த பகுதி கம்பளி ஆலைகளுக்குப் பெயர்பெற்றது. நெய்து இறக்கிய கம்பளித் துணியின்மேல் எழும்பி நிற்கும் மயிரைச் சீராகக் கத்தரிக்க அங்கே ஒரு சுழல்கத்தி யந்திரம் இருந்தது. அதைக் கண்ட எட்வின் பட்டிங் என்பவர், துணியைக் கத்தரிக்கும் கத்தி புல்லைக் கத்தரிக்காதா என்று எண்ணி, 1830-இல் முதல் புல்வெட்டி யந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். இப்ஸ்விச் நகரத்து ரான்சம்ஸ் நிறுவனத்தார் 1832-இல் அதைச் செய்யத் தொடங்கி, 1902-இல் பெட்ரோல் எஞ்சின் பூட்டிய புல்வெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தனர். ஆகவே இந்த வண்டி தறிக்கூடத்திலிருந்து தோட்டத்துக்குப் போன பிள்ளை என்று நாம் உரிமை கொண்டாடலாம்.

இன்று விற்பனைக்கு வரும் ஏறி ஓட்டும் வண்டிகளில் பெரும்பாலானவை உருளைக் கத்தி கொண்டவை அல்ல. அடித்தட்டின் கீழே பட்டைக் கத்தி விசிறிபோல் சுழன்று வெட்டுபவை. தென்னை, மாந்தோப்புகளில் புல்லை வெட்டி அங்கேயே மூடாக்காக விட்டுவிட விரும்பும் சங்கங்களுக்கு இது பயன்படக்கூடியது. ஆனால் ஒரு கஷ்டம் உண்டு. தனி ஒருவருடைய வண்டிக்கு ஒருவர் எண்ணெய் ஊற்றுவார். நூறு பேருக்குச் சொந்தமான வண்டிக்கு, மற்றவர் ஊற்றியிருப்பார் என்று எல்லோரும் இருந்துவிடுவார்கள். சங்கத்தின் பங்குப் பணம் இப்படித்தான் துருவாகப் போகிறது.

முதலில், வண்டி கிளம்பாத கதை. சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை என்றவுடன் மெக்கானிக்குக்கு ஆள் அனுப்பவேண்டாம். ஓட்டுநர் இருக்கையில் சரியாக அமர்ந்திருக்கிறாரா, பிரேக் மிதி முழுவதும் அழுத்தப்பட்டிருக்கிறதா, கத்தியைச் சுழலவிடும் விசை நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இம்மூன்றுக்கும் தனித்தனிக் காப்பு சுவிட்சுகள் உண்டு. ஒன்று தவறினாலும் வண்டி கிளம்பாது. இருக்கைச் சுவிட்சு கெட்டால் புதியது வாங்காமல் கம்பியை முறுக்கி இணைத்துவிடும் வழக்கம் ஒன்று இருக்கிறது. இதை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம். ஓட்டுநர் தவறி விழுந்தால் கத்தி நிற்கவேண்டும் என்பதற்காகவே அந்தச் சுவிட்சு வைக்கப்பட்டிருக்கிறது. சில நூறு ரூபாய் மிச்சப்படுத்தப் போய் ஒருவர் காலை இழப்பது எந்தக் கணக்கிலும் சிக்கனம் ஆகாது.

காப்பு சுவிட்சுகள் சரியாயிருந்தால், அடுத்தது பாட்டரி. வண்டியை ஓட்டாமல் சில மணி நேரம் விட்டு அளந்தால் 12 வோல்ட் பாட்டரி ஏறக்குறைய 12.6 காட்டவேண்டும், 12.4-க்குக் கீழே இறங்கினால் சார்ஜ் ஏற்றவேண்டும். ராயபுரம் முதல் திருவொற்றியூர், எண்ணூர் வரை கடலோரம் வாழ்வோருக்கு உப்புக் காற்றின் குணம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. இரும்பு துருப்பிடிப்பதும் பாட்டரி முனைகள் அரிப்பதும் அங்கே விரைவு. முனைகளில் பூத்திருக்கும் வெண்பொடியை ஆப்பசோடா கரைத்த நீரால் கழுவித் துடைத்து, வாசலின் பூசிவிடுங்கள். கழற்றும்போது எதிர்முனை முதலில். மாட்டும்போது அதுவே கடைசியில்.

எஞ்சின் சுற்றுகிறது, ஆனால் பற்றவில்லை என்றால் பெரும்பாலும் குற்றவாளி பெட்ரோலே. இதைச் சற்று விரித்துச் சொல்லவேண்டியிருக்கிறது. 2025-இல் நம் நாட்டில் பெட்ரோலுடன் எத்தனால் கலப்பது 20 விழுக்காட்டை எட்டியது. கரும்பு விவசாயிக்கு அதனால் நன்மை உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் இவ்வகைச் சிறு எஞ்சின்களைச் செய்வோர் பலர், 10 விழுக்காட்டுக்கு மேல் எத்தனால் ஆகாது என்று கைப்புத்தகத்தில் எழுதிவைத்திருக்கிறார்கள். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர்க் குழாய்களை இளக்கும். ஒரு மாதம் தொட்டியில் கிடந்த பெட்ரோல் கார்புரேட்டரின் நுண்துளைகளில் பிசின்போல் படிந்துவிடும். ஆகையால், வாங்குமுன் எந்தப் பெட்ரோலுக்கு உத்தரவாதம் செல்லும் என்பதை விற்பவரிடம் எழுத்தில் பெறுங்கள். எழுதித் தரத் தயங்கினால் டீசல் எஞ்சின் வண்டியை விசாரிப்பது நலம். முன்பே வாங்கியவர்கள் அவ்வப்போது வேண்டிய அளவு மட்டும் பெட்ரோல் வாங்கிவாருங்கள். நெடுநாள் நிறுத்துமுன் தொட்டியைக் காலிசெய்து, குழாயில் எஞ்சியது தீர எஞ்சினை ஓடவிட்டு நிறுத்துங்கள்.

எண்ணெயைப் பற்றி அதிகம் சொல்லவேண்டாம். புதிய எஞ்சினுக்குப் பொதுவாக முதல் 5 மணி நேரத்திலும், பின்னர் 50 மணி நேரத்துக்கு ஒருமுறையும் மாற்றுவது வழக்கம். நம் வெயிலுக்கு எஸ்.ஏ.இ. 30 பொருந்தும். அளவுக்கு மேல் ஊற்றினாலும் கெடுதல்தான், வெண்புகை கிளம்பும். காற்று வடிகட்டியை 25 மணி நேரத்துக்கு ஒருமுறை பார்க்கவேண்டும். பங்குனி, சித்திரைப் புழுதியில் இன்னும் அடிக்கடி. இவை காற்றால் குளிரும் எஞ்சின்கள் என்பதை மறந்து, விசிறி வலைமேல் புல் அடைத்துக் கிடக்க ஓட்டினால் எஞ்சின் சூடேறி இறுகிவிடும்.

புல் மேடும் பள்ளமுமாக வெட்டப்பட்டால் உடனே கத்தியைக் குறை சொல்லாதீர்கள். நான்கு டயர்களின் காற்றையும் அளந்து பாருங்கள். ஒரு பக்கம் காற்றுக் குறைந்தால் அடித்தட்டு சாயும். கத்திதான் மழுங்கியிருந்தால், முதலில் பிளக்கின் கம்பியைக் கழற்றி வைத்துவிட்டு, முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, கட்டைகளின்மேல் நிறுத்தி, பிறகே கீழே கை நீட்டவேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிப் படுப்பது கூடாது. கத்தியின் இருமுனைகளையும் ஒரே அளவு தீட்டி, நடுத்துளையை ஓர் ஆணியில் மாட்டிப் பாருங்கள். தராசுபோல் சமமாக நின்றால் சரி. ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கத்தை இன்னும் தேய்க்கவேண்டும். சமமில்லாத கத்தியின் நடுக்கத்தால் பேரிங்குகள் விரைவில் உடைந்துபோகும்.

பேரிங்கு உடைந்தால் கம்பெனிப் பெட்டியில் வருவதுதான் வேண்டும் என்றில்லை. அதன் வளையத்தில் 6203, 6204 என்பதுபோல் எண் பொறித்திருக்கும். இவை மின்சார மோட்டார்களிலும் வரும் எண்களே, விசைத்தறிக்காரர்களுக்குப் பழக்கமானவை. பட்டணத்துப் பழைய மதில்வாயிலின் பெயரைத் தாங்கியிருக்கும் யானைக்கவுனிக்கு வரும் அன்பர்கள், பழைய பேரிங்கைக் கையோடு எடுத்துக்கொண்டு ஜார்ஜ் டவுன் கடைத்தெருக்களில் எண்ணைக் காட்டி விசாரிக்கலாம். இருபுறமும் ரப்பர் மூடியுள்ளதாகக் கேட்டு வாங்குங்கள், புழுதி புகாது. பெல்ட்டு விஷயம் அப்படியல்ல. கத்தியை ஓட்டும் பெல்ட்டு வழுக்கி வழுக்கிப் பிடிப்பதற்கென்றே தனி நார் வைத்துச் செய்யப்படுவது. அளவு ஒத்திருக்கிறது என்று பம்புசெட்டு பெல்ட்டைப் போட்டால் நெடுநாள் தாங்காது. இதில் சிக்கனம் பாராமல் அசலையே வாங்குங்கள்.

காரியதரிசிகளுக்கு ஒரு விண்ணப்பம். வண்டிக்கென்று ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். ஓடிய மணி, ஊற்றிய எண்ணெய், மாற்றிய சாமான், ஓட்டியவர் கையொப்பம் ஆகியவை அதில் இருக்கட்டும். சாவி ஒருவர் பொறுப்பிலேயே இருக்கவேண்டும். அவருக்கு மாதம் சிறு படி கொடுத்தாலும் தகும். நிர்வாகக் குழு கூடும் நாளில் வரவுசெலவோடு அந்த நோட்டையும் மேசைமேல் வைக்கச் சொல்லுங்கள். ஐப்பசி மழைக்கு முன் அடித்தட்டில் ஒட்டிய புல்லைச் சுரண்டி, உலர்த்தி, எண்ணெய் தடவி, பாட்டரியைக் கழற்றிக் கொட்டகைக்குள் வைத்து, மாதம் ஒருமுறை சார்ஜ் ஏற்றி வந்தால், தை பிறந்ததும் வண்டி தடையின்றிக் கிளம்பும்.