கட்டடம் மட்டும் போதுமா? டெங்கில் சொல்லும் பாடம்

கணினி மென்பொருள் சில மாதங்களில் விற்பனைக்கு வந்துவிடலாம். ஆனால், ஆய்வுக்கூடத்தில் பிறக்கும் புதிய மருந்து சந்தைக்கு வரப் பத்து ஆண்டுகளுக்கும் மேலாகிறது. வருமானமே இல்லாத இந்தக் காலத்தை ஓர் இளம் நிறுவனம் தனியாகக் கடப்பது கடினம். அதற்குத் தோள் கொடுப்பதுதான் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த தொழில் வளர்ப்பு மையம். இதனை இன்குபேட்டர் என்றும் அழைப்பர்.

குறைந்த வாடகையில் ஆய்வுக்கூடம், பலரும் பகிர்ந்துகொள்ளும் விலையுயர்ந்த கருவிகள், காப்புரிமை ஆலோசனை, முதலீட்டாளர் தொடர்பு ஆகியவை இங்குக் கிடைக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஐயம் எழுந்தால் கேட்பதற்குப் பேராசிரியர் பக்கத்திலேயே இருப்பார்.

இந்த அருகாமையின் அருமையை டெங்கில் வட்டாரம் நன்கறியும். இன்றைய புத்ராஜெயா அமைந்துள்ள நிலத்தில் முன்பு பிராங் பெசார் தோட்டம் இருந்தது. உலகெங்கும் ரப்பர் விவசாயிகள் அறிந்த 'பிபி' ஒட்டு ரகங்கள் அங்குதான் உருவாயின. நம்மவர்கள் பால் வெட்டிய அதே தோட்டத்தில் ஆய்வும் நடந்ததால், எந்த மரம் அதிகப் பால் தரும் என்பதை அங்கேயே சோதித்துப் பார்க்க முடிந்தது.

2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் டெங்கிலில் 'பயோவேலி' என்ற பெருந்திட்டம் அறிவிக்கப்பட்டது. மூன்று ஆய்வுக் கழகங்களையும் நிறுவனங்களையும் ஒரே வளாகத்தில் குடியேற்றுவதே நோக்கம். ஆனால் எதிர்பார்த்தபடி அது உருப்பெறவில்லை. 2005இல் தேசிய உயிரியல் தொழில்நுட்பக் கொள்கை வந்தபோது பாதை மாறியது. புதிய வளாகத்துக்குப் பதிலாக, ஏற்கெனவே இயங்கும் பல்கலைக்கழகங்களையும் ஆய்வு நிலையங்களையும் இணைக்கும் 'பயோநெக்சஸ்' முறை பிறந்தது. அறிஞர்கள் இருக்கும் இடத்துக்கு நிறுவனம் செல்வதே எளிது என்பது இதன் பொருள்.

1992இல் தொடங்கப்பட்ட மலேசியத் தொழில்நுட்ப மேம்பாட்டுக் கழகமும் செர்டாங், பாங்கி பல்கலைக்கழகங்களை ஒட்டியே தன் மையங்களை அமைத்தது குறிப்பிடத்தக்கது.

உயிரியல் தொழில்நுட்பம் படித்துவிட்டுச் சொந்தத் தொழிலில் இறங்க எண்ணும் நம் பிள்ளைகள், கட்டடத்தின் பளபளப்பைக் கண்டு முடிவெடுக்கக்கூடாது. கருவிகளை வாரத்தில் எத்தனை மணி நேரம் பயன்படுத்தலாம்? காப்புரிமை யார் பெயரில் இருக்கும்? அரசு அனுமதி பெற வழிகாட்டுவோர் உண்டா? இந்த மூன்று கேள்விகளுக்கும் தெளிவான பதிலை எழுத்தில் பெற்ற பிறகே கையொப்பமிட வேண்டும்.