ஒரே பிடி, இரண்டு பெயர்

கிதாரில் ஒன்றாக ஒலிக்கும் சுரங்களின் கூட்டு கார்டு. கூட்டத்தில் ஒன்றை ஆதார சுரமாக வைத்து, மற்றவை அதிலிருந்து எத்தனையாவது என்று எண்ணிப் பெயரிடுகிறார்கள். ஒன்று, மூன்று, ஐந்து சேர்ந்தால் மேஜர். மூன்றாவது அரைச்சுரம் இறங்கினால் மைனர். மூன்றாவதற்குப் பதிலாக நான்காவது வந்தால் சஸ்4.

இந்தக் கணக்கு சற்றே சுவாரசியமாவது, 1967இல் வெளிவந்த 'பர்ப்பிள் ஹேஸ்' பாடலில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் வாசித்த கார்டில். ஆறாம் தந்தியைத் திறந்துவிட்டு, ஐந்தாம் தந்தியில் 7, நான்காவதில் 6, மூன்றாவதில் 7, இரண்டாவதில் 8 என்று ஃப்ரெட்களை அழுத்தினால் ஈ, ஜி ஷார்ப், டி, ஜி ஆகிய சுரங்கள் கிடைக்கும். ஈயிலிருந்து எண்ணினால் ஜி ஷார்ப் மேஜர் மூன்றாவது; டி, ஃப்ளாட் ஏழாவது. ஆக இது ஈ7. ஐந்தாவதான பி காணோம். அது இல்லாவிட்டாலும் கார்டின் குணம் கெடாது. விரல் பற்றாதபோது முதலில் கழற்றிவிடப்படுவது அதுதான்.

மிச்சம் ஜி. ஈக்கு அது மைனர் மூன்றாவதின் ஒலி. ஆனால் மூன்றாவதின் நாற்காலியில் ஜி ஷார்ப் உட்கார்ந்துவிட்டது. எனவே ஒன்பதாவதான எஃப் ஷார்ப்பை அரைச்சுரம் உயர்த்தியதாகக் கணக்கெழுதி, 'ஈ7 ஷார்ப் 9' என்கிறார்கள். கர்நாடக இசை அறிந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. சலநாட்டையில் அந்தர காந்தாரம் இருப்பதால், சாதாரண காந்தாரத்தின் ஸ்தானம் ஷட்சுருதி ரிஷபம் என்ற பெயரில்தான் வருகிறது. மேஜரும் மைனரும் உரசும் இந்த ஒலி ஜாஸில் முன்பே உண்டு. ஆனாலும் கிதார்காரர்களுக்கு இது 'ஹெண்ட்ரிக்ஸ் கார்டு'.

ஆதார சுரம் எது என்பதிலேயே ஐயம் வருவதுண்டு. ஏ, சி, ஈ, ஜி நான்கும் ஏ மைனர் 7. சியிலிருந்து எண்ணினால் அவையே சி6. அடியில் எது ஒலிக்கிறது, முன்னும் பின்னும் எந்தக் கார்டு வருகிறது என்பதைப் பார்த்தே பெயர் சொல்ல முடியும். பிடியின் படத்தை மட்டும் காட்டிப் பெயர் கேட்டால் இரண்டு விடையும் சரிதான்.

பீட்டில்ஸின் 'எ ஹார்ட் டேஸ் நைட்' (1964) பாடலைத் தொடங்கும் கார்டில் இந்தச் சிக்கல் இன்னும் பெரிது. ஜார்ஜ் ஹாரிசனின் 12 தந்தி கிதாரில் ஒலிப்பது எஃப் மேஜரும் மேலே ஒரு ஜியும். தனியாக அது எஃப் ஆட்9. பால் மெக்கார்ட்னியின் பேஸ் கிதார் அடியில் டியை வைத்ததும், அதே சுரங்கள் டி மைனர் 7, கூடவே ஒரு பதினொன்றாவது என்று மாறிவிடுகின்றன. ஜார்ஜ் மார்ட்டினின் பியானோவும் அதில் கலந்திருப்பதால், ஒற்றைக் கிதாரில் அந்த ஒலியை அப்படியே எடுக்கும் பிடி கிடையாது.