கராஜ் புராணம் – 11: சலூன் நாற்காலியும் மூன்றரை டன்னும்

போன வாரம் ஜாக்கி, ஸ்டாண்டு, அந்த ஸ்டாண்டை நம்பிக் காருக்கு அடியில் படுக்கிறவர்களின் துணிச்சல் என்று முடித்திருந்தோம். முன்கதைச் சுருக்கம் இவ்வளவுதான். விட்டவர்கள் பழைய இதழைத் தேடி எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டு கராஜில் லிஃப்ட் வைப்பதென்றால் இரண்டு தூணா, நாலு தூணா என்று இந்த வாரம் தீர்ப்புச் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தேன். எழுதத்தான் உட்கார்ந்தேன். பீட்டர் லுனாட்டி என்கிற மனிதர் குறுக்கே வந்து நின்றுகொண்டு நகர மாட்டேன் என்கிறார்.

அமெரிக்காவில் டென்னஸி மாநிலம், மெம்பிஸ் நகரம், 1920களின் நடுப்பகுதி. தெருவெல்லாம் ஃபோர்டு மாடல் டி. அந்தக் காலத்துக் காருக்குச் சில நூறு மைல் ஓடினாலே அடிவயிற்றில் அங்கங்கே கிரீஸ் வைத்தாக வேண்டும். வைப்பது எப்படி? முதுகைத் தரையில் தேய்த்துக்கொண்டு உள்ளே நுழையலாம். இல்லையென்றால் குழி வெட்டி, மேலே காரை நிறுத்தி, கீழே இறங்கி நிற்கலாம். குழியில் ஒரு வில்லங்கம் உண்டு. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. சொட்டினால் அதன் ஆவி நேரே குழியில் போய்த் தேங்கும். மேலே எவனாவது பீடி பற்றவைத்தால் கீழே இருப்பவன் கதி அவ்வளவுதான்.

லுனாட்டிக்கு யோசனை வந்தது சலூன் நாற்காலியிலிருந்து! முடிவெட்டுகிறவர் பக்கத்திலிருக்கும் பிடியை நாலு தடவை ஆட்டுகிறார். எண்பது கிலோ ஆசாமி நாற்காலியோடு அலுங்காமல் மேலே போகிறார். ஒரு கையால் தள்ளினால் சுற்றவும் செய்கிறார். மெம்பிஸிலிருந்து மிசிசிப்பி ஆற்றோடு மேலே போனால் வரும் செயின்ட் லூயிஸ் நகரில் எர்னஸ்ட் கோக்கன் என்பவர் தொடங்கிய கம்பெனி இப்படிப்பட்ட ஹைட்ராலிக் நாற்காலிகளைச் செய்து நாடெங்கும் விற்றுவந்தது. அதில் ஆயிரக்கணக்கானவர்கள் உட்கார்ந்து எழுந்து போனார்கள். காரையும் இப்படித் தூக்கினால் என்ன என்று கேட்டவர் லுனாட்டி. 1925இல் காரைத் தூக்கும் முதல் ஹைட்ராலிக் லிஃப்ட் பிறந்தது. கம்பெனி பெயர் ரோட்டரி லிஃப்ட். பெயருக்கேற்ற மாதிரி, தூக்கிய காரை நாற்காலியைப் போலவே சுற்றித் திருப்பவும் முடிந்தது. அந்தக் கம்பெனி இன்றைக்கும் இந்தியானா மாநிலத்தின் மேடிசன் ஊரில் லிஃப்ட் செய்துகொண்டிருக்கிறது.

இதில் என்னைக் கட்டிப்போட்டது இதன் கணக்குதான். தரையில் ஆழமாக ஒரு உருளை. அதற்குள் எண்ணெய். எண்ணெயில் மிதக்கிற மாதிரி பத்து அங்குல விட்டத்தில் ஒரு பிஸ்டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் முகப்பு 78½ சதுர அங்குலம். எண்ணெயின் மேல் காற்றழுத்தம் கொடுக்கிறோம், சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு. பெருக்கிப் பாருங்கள்: 7,850 பவுண்டு, அதாவது மூன்றரை டன். மாடல் டியின் எடை எழுநூறு கிலோவைச் சுற்றித்தான். அந்த 100 பவுண்டு அழுத்தத்துக்கு எங்கே போவது? எங்கேயும் போக வேண்டாம். டயருக்குக் காற்றடிக்கப் பெட்ரோல் பங்க்கில் கம்ப்ரஸர் ஏற்கெனவே இருக்கிறது! ஒரு குழாயை இந்தப் பக்கம் இழுத்தால் போதும். வால்வைத் திறந்தால் கார் ஏறும். காற்றை வெளியே விட்டால் தன் எடையாலேயே இறங்கும். இந்த இடத்துக்கு வந்தபோது பேனாவை வைத்துவிட்டு வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னேன். யாருக்கும் பெரிய ஆச்சரியம் ஏற்படவில்லை.

அடைத்த திரவத்தில் ஓர் இடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும் என்று எழுதிவைத்தவர் பிரான்ஸின் பிளேஸ் பாஸ்கல். அந்த நூல் அச்சானது 1663இல். அவர் இறந்த மறு வருடம். அதை இயந்திரமாக்க 132 வருடம் ஆயிற்று. இங்கிலாந்தின் ஜோசப் பிராமா 1795இல் ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை வாங்கினார். இந்த பிராமா தனிப் பிறவி. கழிவறைத் தொட்டியைச் சீர்திருத்தி விற்றவரும் இவரே. தான் செய்த பூட்டைச் சாவியில்லாமல் திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று லண்டன் கடை ஜன்னலிலேயே எழுதி வைத்தார். ஆள் செத்து, கடை கைமாறி, பூட்டு மட்டும் அசையாமல் கிடந்தது. 1851இல் ஆல்ஃபிரட் ஹாப்ஸ் என்கிற அமெரிக்கர் வந்து, பதினாறு நாட்களில் ஐம்பத்தொரு மணி நேரம் குடைந்து திறந்தார். பூட்டைப் பற்றி எழுத இது தொடர் அல்ல, நிறுத்திக்கொள்கிறேன்.

லுனாட்டியின் பேரப்பிள்ளைகளை நம்மூர்க்காரர்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. ‘வாட்டர் சர்வீஸ்’ என்று போர்டு போட்ட இடத்தில், தரையிலிருந்து ஒற்றைத் தூண் பளபளவென்று எழும்ப, மேலே அம்பாசிடர் நிற்க, கீழே ரப்பர் பூட்ஸ் போட்ட பையன் பீய்ச்சாங்குழலால் சேற்றைக் கழுவிக்கொண்டிருப்பானே, அது இந்தக் குடும்பம்தான். கோவையில் ஏ.டி.எஸ். எல்ஜி நிறுவனம் கார் லிஃப்ட்களைச் செய்து ஒர்க்ஷாப்புகளுக்குக் கொடுத்துவருகிறது.

கழுவுவதற்கு ஒற்றைத் தூண் சரி. பழுது பார்க்கச் சரிப்படாது. கியர்பாக்ஸும் சைலன்ஸர் குழாயும் இருக்கிற நடுப்பகுதியில்தான் அந்தத் தூண் முட்டிக்கொண்டு நிற்கும். புதைத்த உருளை துருப்பிடித்து எண்ணெய் மண்ணில் இறங்கினால், அமெரிக்காவில் அதைத் தோண்டியெடுத்துச் சுத்தம் செய்கிற செலவு தலைக்கு மேல் போகும். தூண் இரண்டாகப் பிரிந்து காரின் இரு பக்கமும் போய் நின்றதற்குக் காரணம் இவைதான். காற்றும் போய்விட்டது. இப்போது மின் மோட்டார் எண்ணெயையே நேராகத் தள்ளுகிறது. உருளை ஒல்லியாகிவிட்டது, அழுத்தம் ஆயிரக்கணக்கான பவுண்டுக்கு ஏறிவிட்டது.

சரி, கராஜுக்குள் வருவோம். அமெரிக்காவில் தனி வீடு, இரண்டு கார் கராஜ், வார இறுதியில் கையில் ஸ்பானர் என்று வாழ்கிறவர்களில் நம் வாசகர்களும் உண்டு. அவர்கள் கேட்கிற முதல் கேள்வியே தப்பு. “எத்தனை டன் வாங்கலாம்?” என்கிறார்கள். சாதாரண இரண்டு தூண் லிஃப்ட்டே 9,000 அல்லது 10,000 பவுண்டு தூக்கும்; உங்கள் கொரோலாவைப் போல மூன்றைத் தூக்கும். கேட்க வேண்டியது கூரை எவ்வளவு உயரம், தரை எவ்வளவு தடிமன் என்பதுதான். லிஃப்ட்டை வீடுதான் தேர்ந்தெடுக்கிறது, நீங்கள் அல்ல.

கூரைக் கணக்கு மனக்கணக்கு. நீங்கள் ஆறடி உயரம், செடான் கார் நாலே முக்கால் அடி. கூட்டினால் பத்தே முக்கால். எஸ்.யூ.வி. என்றால் பன்னிரண்டு அடியைத் தொடும். பல அமெரிக்க கராஜ்களின் கூரையோ எட்டு, ஒன்பது அடி. அதில் இரண்டு தூணை நட்டுவிட்டுக் காரை மூன்றடி தூக்கி அடியில் குந்திக்கொண்டிருப்பதற்கு, கத்தரிக்கோல் மாதிரி விரிந்து எழும்பும் கத்தரி லிஃப்ட் எவ்வளவோ மேல். மேக்ஸ்ஜாக்ஸ் மாதிரி குட்டைத் தூண்களும் உண்டு. நாலடி தூக்கும், வேலை முடிந்ததும் கழற்றி ஓரமாகத் தள்ளிவிடலாம். முக்காலியில் உட்கார்ந்து பார்க்கிற பிரேக், சஸ்பென்ஷன் வேலைக்கு இது தாராளம்.

தரைதான் ஆபத்து. இரண்டு தூண் லிஃப்ட்டுக்குத் தன் காலில் நிற்கிற சக்தி இல்லை. தரையில் இறக்கிய ஆங்கர் போல்ட்டுகளின் பிடியில் நிற்கிறது. நாலு, நாலேகால் அங்குலத் தடிமன், 3,000 பி.எஸ்.ஐ. பலம் என்பது கம்பெனிகள் பெரும்பாலும் கேட்கும் குறைந்தபட்சம். நம்மூர் எம்25 கான்கிரீட்டுக்கு நெருக்கமானது. புதுத் தரை என்றால் 28 நாள் இறுகவிட வேண்டும். விரிசலுக்கும் ஜாயின்ட்டுக்கும் பக்கத்தில் போல்ட் கூடாது. டைல்ஸுக்கு மேலேயே துளை போட்டு நிறுத்திவிடலாமே என்று கேட்கிறவர்களுக்கு என் பதில்: கூடாது, கூடாது.

டெக்சஸிலிருந்து ஒரு வாசகர் தன் கராஜ் தரையில் பதித்த எழுத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். ‘போஸ்ட் டென்ஷன்’ தரை, வெட்டாதே, துளைக்காதே என்கிற எச்சரிக்கை அது. அந்தப் பக்கத்துக் களிமண் ஈரத்தில் உப்பி, வெயிலில் சுருங்கும். தரை பிளக்காமல் இருக்க எஃகுக் கேபிள்களை உள்ளே ஓடவிட்டு, கான்கிரீட் இறுகிய பிறகு இழுத்துக் கட்டியிருப்பார்கள். ஒவ்வொரு கேபிளிலும் பத்து டன்னுக்கு மேல் இழுவிசை. டிரில் பிட் அதில் பட்டு அறுந்தால் கான்கிரீட்டைப் பெயர்த்துக்கொண்டு வெளியே பாயும். ஐயா, உங்களுக்கு இரண்டு தூண் வேண்டாம். கேபிள் எங்கே ஓடுகிறது என்று ஸ்கேன் செய்து சொல்கிற ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களும் இன்ஜினியரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் மட்டும் மறுபடி பேசுவோம்.

கூரையும் தரையும் சம்மதித்துவிட்டால் இரண்டு தூண்தான் ராஜா. தூண்களிலிருந்து நீளும் நாலு கைகள் காரைத் தாங்க, நாலு சக்கரமும் அந்தரத்தில் தொங்கும். அடியில் எல்லாப் பக்கமும் கை போகும். தூண்களைச் சற்றே பின்பக்கமாகத் திருப்பி, முன்கைகளைக் குட்டையாகவும் பின்கைகளை நீளமாகவும் வைத்த வகையும் உண்டு. அதில் கார் கொஞ்சம் பின்தள்ளி நிற்கும், கதவு தூணில் இடிக்காது. முன்சக்கர டிரைவ் காரில் எடை பத்தில் ஆறு பங்கு முன்னால் இருப்பதால் இந்த ஏற்பாடு பொருந்திவரும். பெரிய டீசல் பிக்அப் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 10,000 பவுண்டு லிஃப்ட் என்றால் ஒரு கைக்கு 2,500 பவுண்டுதான். மொத்த எடை அளவுக்குள் இருந்தும் இன்ஜின் பக்கத்துக் கை மட்டும் தாண்டிவிடலாம்.

வாங்கும்போது தங்க நிற ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். ஆட்டோமோட்டிவ் லிஃப்ட் இன்ஸ்டிட்யூட் என்று 1945இல் தொடங்கிய அமைப்பு, வெளியாள் பரிசோதனையில் தேறிய மாடல்களுக்குக் கொடுப்பது அது. சில நூறு டாலர் மிச்சம் என்று ஸ்டிக்கர் இல்லாததை வாங்குவது என்னைக் கேட்டால் முட்டாள்தனம்.

பயன்படுத்துவதில் சொல்ல நிறைய இல்லை, செய்யத்தான் நிறைய இருக்கிறது. காரின் கையேட்டில் காட்டிய தூக்கும் இடங்களில் மட்டும் லிஃப்ட் கைகளின் நுனியிலுள்ள பேடை வையுங்கள். மின்சாரக் காரில் அடிவயிறு முழுக்க பேட்டரி. அரையடி தள்ளி வைத்தால் பேட்டரிப் பெட்டி நசுங்கும். டயர் தரையை விட்டுக் கொஞ்சம் எழும்பியதும் நிறுத்தி, பம்பரைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் இறக்கி, மறுபடி வையுங்கள். ஏறும்போது ‘டக் டக்’ என்று கேட்பது பூட்டுப் பற்கள். இரண்டு தூணிலும் ஒரே நேரத்தில் கேட்க வேண்டும். முன்னே பின்னே கேட்டால் இரு பக்கத்தையும் இணைக்கும் கேபிள் தளர்ந்திருக்கிறது.

வேண்டிய உயரம் வந்ததும் பெரும்பாலானவர்கள் அப்படியே விட்டுவிட்டு அடியில் போகிறார்கள். அப்போது காரைப் பிடித்திருப்பது எண்ணெயும் ஒரு ரப்பர் குழாயும் ஒரு சீலும். இறக்கும் நெம்புகோலைத் தொட்டு, எடை முழுவதும் இரும்புப் பூட்டில் உட்காரும்வரை இறக்க வேண்டும். அதன்பின் குழாய் வெடித்தாலும் கார் இருந்த இடத்தில் இருக்கும். தூக்குவதற்குத்தான் எண்ணெய். பழைய ஒற்றைத் தூணிலும் முட்டுக் கொடுக்க ஓர் இரும்புக் கால் இருந்தது. இதைச் செய்யாததற்குச் சொல்கிற காரணமோ, இறக்கும்போது மறுபடி கொஞ்சம் ஏற்றிப் பூட்டை விடுவிக்க வேண்டியிருக்கிறதாம். அரை நிமிட வேலை!

இன்னொன்று. கியர்பாக்ஸையோ பின் ஆக்ஸிலையோ கழற்றினால் எடையின் மையம் நகரும். கழற்றுவதற்கு முன்பே உயரமான ஸ்டாண்டு கொடுங்கள். கார் சாயத் தொடங்கிவிட்டால் பிடிக்கப் போகாதீர்கள். ஓடுங்கள்.

நாலு தூணுக்குப் பக்கம் மிச்சமில்லை. இதழ் இன்று இரவு அச்சுக்குப் போகிறது. ஒரு காரை மேலே ஏற்றி, அடியில் இன்னொரு காரை நிறுத்த நினைப்பவர்களும், தரையில் துளை போட முடியாத டெக்சஸ் வாசகரும் அடுத்த வாரம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் உங்கள் கராஜின் உயரத்தை அளந்து வையுங்கள். கதவைத் திறந்து வைத்து அளக்க வேண்டும். கூரையை ஒட்டி உள்ளே வரும் கதவும் அதன் மோட்டாரும் ஓர் அடியை விழுங்கிவிடும்.