பழைய செக்ரட்டரி டெஸ்க் வாங்கப் போறீங்களா? வயசுக்கு முன்னால் முழங்காலைக் கவனிங்க

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

வந்திருக்கும் கேள்விகளில் ஒன்றை மட்டும் இன்றைக்கு எடுத்துக்கிறேன். வேளச்சேரியில் இரண்டு பெட்ரூம் ஃப்ளாட்டில் இருக்கும் ஒரு சகோதரி எழுதியிருக்காங்க. வீட்டிலிருந்தே வேலை, டைனிங் டேபிள்தான் ஆபீஸ். ராத்திரி சாப்பாட்டுக்கு லேப்டாப்பை எடுக்கணும், காலையில் திரும்ப வைக்கணும், பிள்ளைகளின் நோட்டுக்கு நடுவே ஆபீஸ் பேப்பரைத் தேடணும். "வேலை முடிஞ்சா மூடிட்டு எழுந்திரிக்கிற மாதிரி ஒரு பழைய மேசை வேணும்" என்கிறாங்க. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பார்த்த மூன்று மேசைகளின் படங்களும் அனுப்பியிருக்காங்க. கையில் இருப்பது 45,000 ரூபாய் சீட்டுப் பணம். எதை வாங்குவது?

முதலில் பெயரைத் தெளிவாக்கிடுவோம். செக்ரட்டரி டெஸ்க் என்றால் மூடி உள்ள எழுத்து மேசை. மூடியைத் திறந்தால் அதுவே எழுதும் பலகை. உள்ளே கடிதம், பில் வைக்கச் சின்னச் சின்ன அறைகள், கீழே இழுப்பறைகள். இங்கிலாந்தில் இதை 'பீரோ' என்றே சொல்வாங்க. பிரெஞ்சில் எழுதும் மேசைக்கான சொல் அது. நம்ம ஊரில் அதே சொல் இரும்பு அலமாரிக்குப் போய்விட்டது. அதனால் கடையில் படத்தைக் காட்டிக் கேளுங்க.

பழைய சாமான் வாங்கப் போகிற எல்லோரும் முதலில் கேட்பது, "இது எத்தனை வருஷத்துப் பொருள்?" நான் முதலில் கேட்பது, "இதில் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் உட்காரப் போறீங்க?" மூன்று மேசைகளையும் இந்தக் கேள்வியோடு பார்ப்போம்.

முதல் படம், சாய்வு மூடி வைத்த தேக்கு மேசை. மூன்றில் அழகானது இதுதான். ஆனால் மூடிக்கு நேர் கீழே தரை வரை இழுப்பறை. முழங்கால் உள்ளே போகாது. திறந்த பலகை ஒரு அடிக்குக் கொஞ்சம் கூடுதலாக வெளியே நீட்டியிருக்கும், கால் அதற்குக் கீழே மட்டும்தான். கடிதம் எழுத, மாதக் கணக்குப் பார்க்க அருமையான மேசை. எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் முதுகு கேள்வி கேட்கும். இடமும் அளந்து பாருங்க. மேசை ஆழம் 20 அங்குலம், திறந்த பலகை 14, நாற்காலி இழுக்க 30. மொத்தம் 64 அங்குலம், அதாவது ஐந்தேகால் அடிக்கு மேல்.

இந்த வகையில் கட்டாயம் சோதிக்க வேண்டியது மூடியைத் தாங்கும் இரண்டு மரக் கட்டைகள். மூடிக்குக் கீழே இரு பக்கமும் இழுத்தால் வெளியே வரும். அவற்றை இழுக்காமல் மூடியைத் திறந்தால் முழு பாரமும் கீல் மேல் விழும், ஸ்க்ரூ மரத்தைப் பிய்த்துக்கொண்டு வரும். கீல் ஓரத்தில் ஒட்டுப் போட்ட மரம் தெரிகிறதா பாருங்க. தெரிந்தால் அது ஒருமுறை பிய்ந்த மேசை. வாங்கக் கூடாது என்றில்லை, விலையைக் குறைத்துப் பேசலாம்.

இரண்டாவது படம், அதே மாதிரி மேசை, மேலே கண்ணாடிக் கதவு வைத்த புத்தக அலமாரி. இது இரண்டு துண்டாகச் செய்து ஒன்றன் மேல் ஒன்று வைப்பது. வெவ்வேறு வீட்டிலிருந்து வந்த மேலும் கீழும் ஜோடியாகிவிடுவது உலகம் முழுக்க நடக்கிற விஷயம். கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. மேல் அலமாரியைக் கொஞ்சம் தூக்கச் சொல்லுங்க. அலமாரி உட்காரும் இடம் முழுக்கப் பளபளவென்று பாலிஷ் போட்டிருந்தால், அந்த மேசை முன்பு தனியாக இருந்திருக்க வாய்ப்பு அதிகம். கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு யாரும் பாலிஷை வீணாக்க மாட்டாங்க. பின்பலகையையும் பாருங்க. மேலே ஒரு மரம், கீழே வேறு மரம் என்றால் யோசிக்கணும்.

மூன்றாவது, ரோல்-டாப். சுருண்டு இறங்கும் மூடி. அமெரிக்காவில் பஃபலோ நகரத்து ஆப்னர் கட்லர் 1882-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். மெல்லிய மரச் சட்டங்களை வரிசையாக அடுக்கி, பின்னால் கேன்வாஸ் துணி ஒட்டியிருப்பாங்க. துணி இற்றுப்போனால் சட்டங்கள் தனித்தனியாக ஆடும். மெதுவாக இழுத்துப் பாருங்க, நடுவில் எங்கே மாட்டுகிறது என்று கையிலேயே தெரியும். துணியை மாற்றி ஒட்ட நல்ல ஆசாரியால் முடியும். இதில் பெரிய லாபம், நடுவில் கால் வைக்கத் திறந்த இடம் இருக்கு.

இப்போது மூன்றுக்கும் பொதுவான சோதனை. வெளிநாட்டு வீடியோக்களில் டவ்டெயில் இணைப்பைக் காட்டி, "கையால் வெட்டியிருந்தால் பழசு" என்பாங்க. அங்கே 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மெஷின் வந்துவிட்டது, அதனால் அந்தக் கணக்கு ஓரளவு சரி. நம்ம ஊரில் இன்றைக்கும் கையால் வெட்டுகிற ஆசாரிகள் இருக்காங்க. அதனால் இணைப்பை மட்டும் நம்பாதீங்க, தேய்மானத்தைப் பாருங்க. இழுப்பறையைக் கழற்றித் திருப்பினால் அடியில் இரு ஓரமும் தேய்ந்திருக்கணும். உள்பக்கம் சாயம் பூசாத வெறும் மரமாக இருந்தால் நல்லது. உள்ளே கூடச் சாயம் அடித்திருந்தால் எதையோ மறைக்கிறாங்களா என்று கேளுங்க. கூட்டல் குறி போட்ட ஸ்க்ரூ 1930-களில்தான் புழக்கத்துக்கு வந்தது. அது இருந்தாலே போலி என்று அர்த்தமில்லை, பின்னால் ரிப்பேர் நடந்திருக்கலாம். ஆனால் எல்லா ஸ்க்ரூவும் அப்படி என்றால் "நூறு வருஷம்" என்ற பேச்சை நம்பாதீங்க.

அடுத்தது உளு. தேக்கின் வைரப் பகுதியைப் பூச்சி சுலபத்தில் தொடாது. ஆனால் பின்பலகைக்கும் இழுப்பறை அடிக்கும் மலிவு மரம் போட்டிருக்கலாம். அடியில் வெள்ளைத் தாள் விரித்துத் தட்டுங்க. வெளிறிய புதுத்தூள் கொட்டினால் பூச்சி உயிரோடு இருக்கலாம். அதை அப்படியே வீட்டுக்குள் கொண்டுவந்தால் மற்ற மரச் சாமான்களுக்கும் ஆபத்து. மருந்து அடித்து, தூள் நின்ற பிறகு எடுத்துக்கொள்வதாகச் சொல்லுங்க.

வாங்கிய பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் புதுசாக்கிடாதீங்க. அந்த நிறம் வர எத்தனையோ வருஷம் ஆகியிருக்கு, ஒரே மத்தியானத்தில் போய்விடும். தேன்மெழுகு பாலிஷ் போதும். சார்ஜர் வயருக்காகப் பின்பலகையில் ஓட்டை போடவும் வேண்டாம். வயரை முன்பக்கமாகவே விட்டு, மூடும்போது கழற்றிடுங்க.

சரி, சகோதரிக்கு என் பதில். நாள் முழுக்க வேலை என்பதால் மூன்றாவது மேசையை வாங்குங்க. உங்களுக்கு வேண்டியது அதில் மட்டும்தான் இரண்டும் சேர்ந்து கிடைக்குது: காலுக்கு இடம், சாயங்காலம் மூடி வைக்க மூடி. லேப்டாப்பைத் திறந்தபடி உள்ளே வைத்து மூடி முழுசாக இறங்குகிறதா என்று கடையிலேயே பார்த்துடுங்க. மேசை எத்தனை பாகமாகக் கழறும் என்று கேட்டு, லிஃப்ட் கதவையும் அறைக் கதவையும் அளந்துவிட்டுக் கிளம்புங்க. 45,000-ஐயும் கடையில் கொடுத்துவிடாமல் வண்டிக்கும் ஆசாரிக்கும் கொஞ்சம் ஒதுக்குங்க. கேன்வாஸ் கிழிந்திருந்தால் அதைக் காட்டி விலை பேசுங்க.

வேலை மாதத்துக்கு நாலு கடிதம், கரண்ட் பில் மட்டும்தான் என்கிறவங்க முதல் மேசையைத் தாராளமாக எடுத்துக்கலாம். மேசை வந்து சேர்ந்ததும் படம் அனுப்புங்க சகோதரி.