ஆகாய விமானமும் சேலத்தின் நேரமும்

மார்ச் மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமையும் அக்டோபர் மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமையும் நமது பஞ்சாங்கங்களில் விசேஷ தினங்களாகக் குறிக்கப்படுவதில்லை. ஆனால் உலகத்து விமானக் கம்பெனிகளுக்கெல்லாம் அவ்விரண்டுமே வருஷப் பிறப்புகள். முன்னதில் கோடைக்கால அட்டவணை பிறக்கிறது. பின்னதில் குளிர்கால அட்டவணை பிறக்கிறது. ஐரோப்பியர் தங்கள் கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் திருப்பி வைக்கும் தினங்களை அநுசரித்து ஏற்பட்ட வழக்கம் இது. அந்த நாட்டவர் கோடையில் கடற்கரைகளை நாடுவதற்கும் சேலம் ஜில்லாவின் காமலாபுரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. ட்ரூஜெட் கம்பெனியார் சென்னைக்கும் சேலத்துக்கும் விமானம் விடத் தொடங்கியது 2018ஆம் வருஷம் மார்ச் 25ஆம் தேதி. இண்டிகோ கம்பெனியார் தொடங்கியது 2023ஆம் வருஷம் அக்டோபர் 29ஆம் தேதி. இரண்டும் மேற்சொன்ன ஞாயிற்றுக்கிழமைகளே. நமது ஊருக்கு விமானம் வருவதும், வாராதொழிவதும், வரும் வேளை மாறுவதும் எங்கோ வகுக்கப்பட்ட பருவக் கணக்கின்படி நடக்கின்றன. அந்தக் கணக்கில் நமக்கு இடமுண்டா என்பதே நாம் ஆராய வேண்டிய விஷயம்.

வெண்ணந்தூர் இராசிபுரம் தாலுகாவைச் சேர்ந்தது. தறிகள் மிகுந்த பேரூர். 1997ஆம் வருஷம் ஜனவரி முதல் தேதி நாமக்கல் தனி ஜில்லாவாகப் பிரியும் வரையில் அது சேலம் ஜில்லாவிலேயே இருந்தது. கச்சேரிகள் நாமக்கல்லுக்குப் போய்விட்டன. ஆகாய மார்க்கத்துக்கு மட்டும் இன்னும் சேலத்தையே நம்பியிருக்க வேண்டியிருக்கிறது. ஊரோ சேலத்துக்குத் தெற்கே. விமான நிலையமோ நகரத்துக்கு வடமேற்கே, ஓமலூர்ப் பக்கம் காமலாபுரத்தில். இடையே சேலம் நகரத்தின் நெரிசல். ஜவுளி வியாபாரியும், ஜவ்வரிசி ஆலைக்காரரும், திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு லாரிகளை வடநாடெங்கும் அனுப்பி வைத்திருப்பவரும், நாமக்கல் கோழிப்பண்ணைக்காரரும் இந்தச் சமவெளியிலேதான் இருக்கின்றனர். பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் உத்தியோகம் பார்க்கும் இளைஞர்களின் பெற்றோர்களும் இங்கேதான் இருக்கின்றனர். இவர்களுக்கு விமானம் உல்லாச வாகனமன்று. காலையில் போய் வேலையை முடித்து இரவில் வீடு திரும்ப உதவினால் அதுவே அதன் பயன்.

சேலம் விமான நிலையம் 1993ஆம் வருஷம் திறக்கப்பட்டது. என்.இ.பி.சி. கம்பெனியார் சிறிது காலம் விமானம் விட்டுப் பார்த்து நிறுத்தினர். பிறகு பல வருஷங்கள் ஓடுபாதை வெறிச்சோடிக் கிடந்தது. 2009ஆம் வருஷம் கிங்ஃபிஷர் கம்பெனியார் வந்தனர், 2011இல் போயினர், மறு வருஷம் அந்தக் கம்பெனியே பறப்பதை நிறுத்திவிட்டது. 2018இல் வந்த ட்ரூஜெட் 2021இல் நின்றது. 2022இல் அந்தக் கம்பெனியும் முடங்கியது. 2023 அக்டோபரில் சர்க்காருக்குச் சொந்தமான அலையன்ஸ் ஏர் பெங்களூர், சேலம், கொச்சி என்று ஒரு வழியைத் தொடங்கிற்று. இரண்டு வாரத்துக்குள் இண்டிகோவும் சென்னை, பெங்களூர், ஹைதராபாத் நகரங்களுக்கு விமானம் விட்டது. முப்பது வருஷத்தில் ஐந்து கம்பெனிகள்! ஒவ்வொரு முறையும் மாலை மரியாதை, வரவேற்புப் பிரசங்கம், முதற் பிரயாணிகளின் புகைப்படம் ஆகியவற்றில் குறைவில்லை. விமானம் நின்ற நாளில் மட்டும் எவரும் பிரசங்கம் செய்வதில்லை.

வேளை விஷயத்துக்கு வருவோம். பெரிய விமான நிலையங்களில் ஒரு மணி நேரத்துக்கு இத்தனை விமானங்களே ஏறவும் இறங்கவும் கூடும் என்று வரம்பு உண்டு. சென்னையில் ஓடுபாதைகள் இரண்டாயினும் அவை ஒன்றையொன்று வெட்டிச் செல்வதால், இரண்டையும் ஒரே சமயத்தில் தாராளமாகப் பயன்படுத்த இயலாது. ஆகவே இன்ன நிமிஷத்தில் இன்ன கம்பெனி என்று வேளை ஒதுக்கப்படுகிறது; இதைத்தான் ‘ஸ்லாட்’ என்கின்றனர். சேலத்துக்கு வரும் ஏ.டி.ஆர். என்னும் சிறு விமானத்தில் எழுபது எண்பது பேர் அமரலாம். ஒரு ஏர்பஸ் விமானத்திலோ 180 பேருக்கு மேல் அமர்கின்றனர். ஓடுபாதையிலே இரண்டும் பிடிக்கும் இடம் ஒன்றே. உண்ணும் வேளையும் ஏறக்குறைய ஒன்றே. காலை ஆறு மணிக்கும் மாலை ஏழு மணிக்கும் கிடைக்கும் நல்ல வேளையைக் கம்பெனிக்காரர் எதற்குக் கொடுப்பார்? டில்லிக்கும் பம்பாய்க்கும் கொடுப்பார். பண்டிகைக் காலத்தில் கோவாவுக்கும் கொடுப்பார். எஞ்சிய பகல் வேளை சேலத்துக்கு வரும். 2023இல் தொடங்கிய சென்னை விமானம் நண்பகலை ஒட்டி வந்து திரும்பியது இந்த நியாயத்துக்குப் பொருந்தியதே. நண்பகல் விமானத்தில் சென்னைக்குச் சென்றவன் அன்றே வேலை முடித்துத் திரும்ப முடியாது. ஒரு நாள் அறை வாடகை கொடுத்தே தீரவேண்டும். ஏற்காடு எக்ஸ்பிரஸ் ரெயிலோ இரவு உறங்கிக் கிடப்பவனை விடியற்காலையில் சென்னையில் இறக்கிவிடுகிறது. ஒரு மணி நேரத்தில் பறந்து செல்லும் விமானம் இரவெல்லாம் ஊர்ந்து செல்லும் ரெயிலிடம் தோற்பது இந்த ஒரு காரணத்தால்தான். அதன் பிறகு கம்பெனியார் கணக்குப் பார்த்துவிட்டு, “சேலத்தில் பிரயாணிகள் போதவில்லை” என்று எழுதினால், குற்றம் ஊரின் மேல் ஏறுகிறது.

ஐரோப்பாவில் இந்த வேளைகளே சொத்தாகிவிட்டன. விடுமுறைப் பிரயாணிகளை ஏற்றிச் சென்ற மோனார்க் கம்பெனி 2017இல் வீழ்ந்தபோது அதனிடம் மிச்சமிருந்தவற்றில் விலையுயர்ந்தது லண்டன் காட்விக் நிலையத்து வேளைகளே; அவற்றை விற்கும் உரிமைக்காகக் கோர்ட்டு வரையில் சென்றனர். 2019இல் தாமஸ் குக் கம்பெனி வீழ்ந்தது. காட்விக், பிரிஸ்டல் நிலையங்களில் அதற்கிருந்த வேளைகளை ஈஸிஜெட் கம்பெனியார் 360 லட்சம் பவுனுக்கு வாங்கினர். மற்றொரு வேடிக்கையும் அங்கே உண்டு. ஸ்பெயின் தேசத்து நிலையக் கட்டணங்கள் அதிகமென்று சொல்லி, ரயன்ஏர் கம்பெனியார் 2025 கோடையில் ஹெரெஸ், வயாடோலிட் என்ற இரு சிறு நிலையங்களைவிட்டு அடியோடு விலகினர். விமானத்தைச் சிறகோடு தூக்கி வேறு ஊருக்குக் கொண்டுபோகலாம். கட்டிய நிலையத்தையும் கொடுத்த நிலத்தையும் எடுத்துப் போக முடியாதல்லவா? பேரத்தில் யார் கை ஓங்கும் என்பது சொல்லாமலே விளங்கும்.

நமது நாட்டில் சர்க்கார் கையிலும் ஓர் ஆயுதம் இருக்கிறது. 2016இல் வகுக்கப்பட்ட ‘உடான்’ திட்டத்தின்படி, சிறு நகரங்களுக்கு விமானம் விடும் கம்பெனிக்கு மூன்று வருஷம் மான்யம் உண்டு. சுமார் ஒரு மணி நேரப் பிரயாணத்துக்கு 2,500 ரூபாய் என்று, பாதி ஆசனங்களுக்குக் கட்டண வரம்பு வைத்துத் திட்டம் தொடங்கிற்று. மான்யத்தில் பெரும் பகுதியை மத்திய சர்க்கார் திட்டமும், ஐந்தில் ஒரு பங்கை ராஜ்ய சர்க்காரும் ஏற்கின்றன. ட்ரூஜெட் சேலத்துக்கு வந்தது இந்த மான்யத்தின் பேரிலேயே. திட்டம் எப்படி நடந்தது? 2023ஆம் வருஷம் ஆகஸ்டில் பார்லிமெண்டின் முன் வைக்கப்பட்ட தணிக்கை அதிகாரியின் அறிக்கையைப் புரட்டினால் தெரியும். அளிக்கப்பட்ட 774 வழிகளில் 403 வழிகளில் விமானம் பறக்கவே தொடங்கவில்லை. தொடங்கிய 371 வழிகளில் மூன்று வருஷம் நிறைவு பெற்றவை 112. மான்யக் காலம் முடிந்த பிறகும் 2023 மார்ச் வரையில் நீடித்தவை 54 மாத்திரமே. பொதுப் பணத்தைக் கொடுத்தவர்கள் வாரத்துக்கு எத்தனை தடவை, எந்தக் கட்டணத்தில் என்றெல்லாம் நிபந்தனை கேட்டனர். எந்த மணிக்கு என்று போதிய அழுத்தத்தோடு கேட்டிருந்தால் இந்தக் கணக்கு இவ்வளவு மெலிந்திராது என்பது நமது அபிப்பிராயம்.

கம்பெனிகளைக் கட்டுப்படுத்த முடியாது என்று சிலர் கை விரிக்கின்றனர். அது சரியன்று. நாட்டின் உள்நாட்டுப் பிரயாணிகளில் நூற்றுக்கு அறுபது பேருக்கு மேல் ஏற்றிச் செல்லும் இண்டிகோ, 2025 டிசம்பர் முதல் வாரத்தில் விமானிகளின் ஓய்வு நேர விதிக்கு ஆயத்தமாக இல்லாமல் ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தது. அப்போது சர்க்கார் அதன் பிரயாணங்களில் பத்தில் ஒரு பங்கைக் குறைக்கும்படி உத்தரவிட்டது. அதோடு, முன்போலவே எல்லா ஊர்களுக்கும் விமானம் போகும் என்றும் மந்திரி அறிவித்தார். ஊரை விடக்கூடாது என்று சொல்ல அதிகாரமுள்ளவர்களுக்கு, வேளையைக் கெடுக்கக்கூடாது என்று சொல்லவும் அதிகாரம் உண்டு.

இந்த இடத்தில் தூத்துக்குடி நினைவுக்கு வருவது இயல்பே. 1906ஆம் வருஷம் ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியை ஸ்தாபித்து, கொழும்புக்கு ‘காலியா’, ‘லாவோ’ என்ற கப்பல்களை விட்டபோது, எதிர்த்து நின்ற வெள்ளையர் கம்பெனியார் கட்டணத்தைச் சரிய விட்டனர். இனாமாக ஏற்றிக்கொண்டு குடையும் கொடுத்தனர் என்பர். அன்று போட்டி இருந்ததனால் குடையாவது கிடைத்தது! இன்று சேலத்தில் போட்டியிட ஒரு கம்பெனி மிஞ்சினால் அதுவே பெரிது. அலையன்ஸ் ஏர், 2022இல் ஏர் இந்தியா டாட்டா வசம் போனபோதும் விற்கப்படாமல் சர்க்காரிடமே தங்கிவிட்ட கம்பெனி. பொதுஜனங்களின் சொத்தாகிய அதனிடமாவது நமது பிரதிநிதிகள் உரிமையோடு வாதாடலாம்.

நிலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. காமலாபுரத்து ஓடுபாதை சுமார் 1,800 மீட்டர் நீளமுடையது. பெரிய ஜெட் விமானங்களுக்கு அது போதாது. அதை விஸ்தரிக்கவென்று காமலாபுரம், பொட்டியபுரம், சிக்கனம்பட்டி, தும்பிபாடி ஆகிய நான்கு கிராமங்களில் சுமார் 570 ஏக்கர் எடுக்க 2018இல் முயற்சி தொடங்கியபோது விவசாயிகள் எதிர்த்து நின்றனர். அவர்கள் கேட்ட கேள்வி நியாயமானது: இருக்கும் பாதையில் விமானம் நிலையாக வரவில்லை, நீளமான பாதையில் மட்டும் நிலைக்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? அதற்கு இன்னும் நேரான பதில் சொன்னார் இல்லை. முதலில் உள்ள ஓடுபாதையில் காலையும் மாலையும் தக்க வேளையில் விமானம் வரட்டும். இரண்டு மூன்று வருஷத்து ஆசனக் கணக்கைப் பார்த்துவிட்டு நிலம் கேட்கட்டும்.

இனிச் செய்ய வேண்டியது என்ன? நமது வர்த்தக சங்கத்தாரும் தொண்டர்களும் மனுக் கொடுப்பதில் சளைத்தவர்களல்லர். ஆனால் அட்டவணை வெளியாகி, வேளை போனபிறகே மனு போகிறது. குளிர்கால அட்டவணைக்காக உலகத்து விமானக் கம்பெனியார் கூடும் வேளை மகாநாடு ஜூன் மாதத்தில் நடக்கிறது. கோடைக்கால அட்டவணைக்கான மகாநாடு நவம்பரில். உள்நாட்டு வேளை ஒதுக்கீடுகளும் அட்டவணை பிறப்பதற்கு மாதக்கணக்கில் முந்தியே முடிந்துவிடுகின்றன. ஐப்பசி அட்டவணைக்குரிய மனு சித்திரையிலேயே டில்லி சேர வேண்டும். பங்குனி அட்டவணைக்குரியது புரட்டாசியில். “விமானம் வேண்டும்” என்று பொதுவாக எழுதுவதில் பயனில்லை. சென்னைக்குக் காலையில் எத்தனை மணிக்கு, திரும்ப எத்தனை மணிக்கு, எந்தெந்த மாதங்களில் வியாபாரம் மிகுதி, வாரத்தில் எந்த நாள் கூட்டம், வெண்ணந்தூர், இராசிபுரம், திருச்செங்கோடு, ஆத்தூர் வட்டாரங்களிலிருந்து மாதம் எத்தனை பேர் பெங்களூருக்கும் கோயம்புத்தூருக்கும் மோட்டாரில் சென்று அங்கே விமானம் ஏறுகிறார்கள் என்ற கணக்கை, தறிக்காரர், ஆலைக்காரர், லாரிக்காரர் ஆகியோரிடம் கேட்டுத் தொகுத்து, இரண்டு ஜில்லாப் பார்லிமெண்ட் அங்கத்தினரின் கையொப்பத்தோடு அனுப்ப வேண்டும். விமானத்தை நிறுத்துவதானால் மூன்று மாதம் முன்னதாக அறிவிக்க வேண்டும் என்பதும் அதில் ஒரு கோரிக்கையாக இருக்கட்டும்.